கணக்கு முடிந்த ஒரு வண்டி

வணிகர் சங்க இதழில் கார் விமர்சனம் எதற்கு என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். அதுவும் அமெரிக்கச் சந்தையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டு, 2010லேயே உற்பத்தி நின்றுபோன ஒரு வண்டியைப் பற்றி! காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஓடிக்கொண்டிருக்கும் சரக்கைப் பற்றி எழுதினால், புகழ்ந்தால் விளம்பரம் என்பார்கள், குறை சொன்னால் வசை என்பார்கள். கணக்கு முடித்துப் பேரேட்டை மூடிவிட்ட சரக்கில் அந்த வம்பு இல்லை. எப்போது ஏறியது, எப்போது தேங்கியது, யார் சம்பாதித்தார்கள், யார் கையில் மிஞ்சியது என்று நிதானமாகப் புரட்டிப் பார்க்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. இன்று நம் கடைகளுக்கு வரும் விற்பனைப் பிரதிநிதிகளில் பாதிப்பேர் 'அந்தக் காலத்து' சரக்கோடுதான் வருகிறார்கள். மரச்செக்கு எண்ணெய், நாட்டுச் சர்க்கரை, கைக்குத்தல் அரிசி, சிறுதானிய மாவு என்று எதை எடுத்தாலும் உறையில் ஓலைக் குடிசையும் உரலும் உலக்கையும் வரைந்திருக்கிறது. விலை மட்டும் இந்தக் காலத்து விலை. பத்துப் பெட்டி எடுங்கள், இருபது பெட்டி எடுங்கள், முன்பணம் கட்டினால் கூடுதல் கழிவு என்கிறார்கள். எடுப்பதா, எத்தனை எடுப்பது, எதுவரை எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் நாம். பழைய உருவத்தை விற்ற ஒரு பெரிய கம்பெனியின் கணக்கு கையில் இருக்கும்போது, அதைப் பார்க்காமல் விடுவானேன்?

வண்டியின் பெயர் கிரைஸ்லர் பி.டி. குரூசர். 1999 ஜனவரியில் டெட்ராய்ட் மோட்டார் கண்காட்சியில் காட்டப்பட்டு, 2000ஆம் ஆண்டில், 2001 மாடல் என்ற பெயரோடு விற்பனைக்கு வந்தது. உருவம் வரைந்தவர் பிரையன் நெஸ்பிட் என்ற இளம் வடிவமைப்பாளர். உயர்ந்த கூரை, புடைத்த சக்கர மூடிகள், மூக்குபோல் குறுகி இறங்கும் முன்பக்கம் என்று பார்த்தவுடன் 1930களின் கார்கள் நினைவுக்கு வரும். கிரைஸ்லர் கம்பெனியே 1934ல் கொண்டுவந்த ஏர்ஃப்ளோ காரின் சாயல் இதில் இருப்பதாகப் பலரும் எழுதினார்கள். அந்த ஏர்ஃப்ளோ வந்த காலத்தில் சரியாக விற்காமல் 1937ல் நிறுத்தப்பட்ட கார் என்பது வேடிக்கை. அன்று வாங்க ஆளில்லாத உருவத்துக்கு அறுபத்தைந்து ஆண்டு கழித்து வரிசையில் நின்றார்கள்.

தோற்றம் கிழவன், உள்ளே இருப்பது சாதாரண முன்சக்கர இழுவைச் சிறு கார். நான்கு சிலிண்டர், 2.4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 150 குதிரைத்திறன். நீளம் ஏறக்குறைய 4.3 மீட்டர், எடை ஏறக்குறைய 1,400 கிலோ. ஆரம்ப விலை சுமார் 16,000 டாலர். அமெரிக்காவில் அன்று சாதாரணச் சம்பளக்காரர் எட்டிப் பிடிக்கக்கூடிய விலை அது. பழைய உருவத்தைத் தனிமனித ஆடம்பரமாக ஆக்காமல், அன்றாடம் பால் வாங்கப் போகிறவருக்கும் விற்கலாம் என்று துணிந்ததுதான் இந்தச் சரக்கின் தனித்தன்மை.

இனி நமக்குப் பிடித்த பகுதிக்கு வருவோம். எந்த வண்டியைப் பார்த்தாலும் வணிகன் முதலில் பின்கதவைத்தான் திறந்து பார்ப்பான். பி.டி. குரூசரின் பின்கதவு மேல்நோக்கித் திறக்கும், வாய் அகலம். பின் இருக்கை 65-க்கு 35 என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். வேண்டுமானால் ஒரு பகுதியை மடக்கலாம், முன்னோக்கிக் கவிழ்க்கலாம், இரண்டையும் கழற்றி வீட்டுத் திண்ணையிலேயே வைத்துவிட்டும் வரலாம். கழற்றினால் தளம் மட்டமாகக் கிடைக்கும், 64 கன அடி இடம் வரும். முன்பக்கத்தில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையையும் மடக்கிவிட்டால் எட்டடி ஏணியை உள்ளே வைத்துப் பின்கதவைச் சாத்தலாம் என்று கம்பெனி சொன்னது. பின்னால் ஒரு பலகை. அதை ஐந்து விதமாக மாட்டலாம். மேலே மாட்டினால் சாமானை மறைக்கும், நடுவில் மாட்டினால் இரண்டடுக்கு அலமாரி, வெளிப்பக்கம் நீட்டி வைத்தால் சாப்பாட்டு மேசை. மொத்தம் 26 விதமாக உள்ளே மாற்றி அமைக்கலாம் என்று விளம்பரம் செய்தார்கள்.

இதைப் படிக்கும்போது நமக்கே ஆசை வருகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. காலையில் சந்தைக்கு, பத்து மணிக்குக் கடைக்கு, மாலையில் குடும்பத்தோடு கோயிலுக்கு என்று ஒரே வண்டி போதும் என்பது சிறு வணிகனின் பழைய கனவு. அந்தக் கனவைப் புரிந்துகொண்டு செய்த வண்டி இது.

ஆனால் இடம் வேறு, பாரம் வேறு. நம்மில் எத்தனையோ பேர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறோம். 64 கன அடி என்றால் அரிசி மூட்டையை அடுக்கிக்கொண்டே போகலாம்போல் தோன்றும். இந்த வண்டி தாங்கும் பாரம், ஆட்களையும் சேர்த்து, ஏறக்குறைய 400 கிலோதான். ஓட்டுகிறவர் 70 கிலோ என்று கழித்தால், 25 கிலோ மூட்டை பன்னிரண்டு ஏற்றலாம், பதின்மூன்றாவதற்கு யோசிக்க வேண்டும். ஐந்து பேர் உட்கார்ந்துவிட்டாலோ கையில் ஒரு பைக்கு மேல் வேண்டாம். ஆக, அப்பளம், முறுக்கு, பிஸ்கட், சோப்பு, துடைப்பம் வியாபாரிக்கு இது சரியான வண்டி. அரிசி, சர்க்கரை, எண்ணெய் டின் வியாபாரிக்கு இது சரியில்லை. விளம்பரத்தில் கன அடியைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள், கிலோவைத் தேடிப் பிடித்துப் படிக்க வேண்டியிருக்கிறது. எந்த வண்டி வாங்கினாலும் இதை நினைவில் வைக்க வேண்டும் என்று நம் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இருக்கையைக் கழற்றினால் தளம் மட்டமாகும் என்றோமே, அதில் இன்னொரு சூட்சுமம் இருந்தது. அமெரிக்காவில் 1975ல் இயற்றிய சட்டம் ஒன்றின்படி, ஒவ்வொரு கம்பெனியும் விற்கும் வண்டிகளின் எரிபொருள் சராசரி ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் குறையக்கூடாது. கார்களுக்கு ஒரு கணக்கு, இலகு டிரக்குகளுக்கு ஒரு கணக்கு. 2000ஆம் ஆண்டு நிலவரப்படி கார்களுக்குக் கேலனுக்கு 27.5 மைல், டிரக்குகளுக்கு 20.7 மைல். பின் இருக்கையைக் கழற்றி மட்டமான சரக்குத் தளம் ஆக்க முடிந்தால் அந்த வண்டியை டிரக் கணக்கில் எழுதலாம் என்று விதி இடம் கொடுத்தது. பி.டி. குரூசரைக் கார் என்று எழுதினால் கார்க் கணக்கின் சராசரியைக் கீழே இழுக்கும். டிரக் என்று எழுதினால், பெட்ரோலைக் குடித்துத் தள்ளும் கிரைஸ்லரின் பெரிய டிரக்குகளுக்கு நடுவே இது சிக்கனக்காரனாக நின்று, அந்தச் சராசரியை மேலே தூக்கும். அப்படியே எழுதினார்கள். சட்டத்துக்கு உட்பட்டதுதான். கெட்டிக்காரக் கணக்கப்பிள்ளை செய்கிற வேலைதான். ஆனால் வாங்கிய குடும்பத்துக்கு அதனால் ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட மிச்சமாகவில்லை. நகருக்குள் கேலனுக்குச் சுமார் 20 மைல், அதாவது லிட்டருக்கு எட்டரை கிலோமீட்டர் என்பது சிறு காருக்கு அதிகச் செலவு. பெட்ரோல் மலிவாக இருந்தவரை யாரும் முனகவில்லை.

விலை விஷயம்தான் நம்மை அதிகம் யோசிக்க வைத்தது.

வண்டி வந்தவுடன் கிராக்கி தாங்கவில்லை. மெக்சிகோ நாட்டின் டொலூக்கா தொழிற்சாலையிலிருந்து வந்தது போதவில்லை. மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். 2001ஆம் ஆண்டுக்கான வட அமெரிக்காவின் சிறந்த கார் என்ற விருதும், மோட்டார் டிரெண்ட் பத்திரிகையின் விருதும் சேர்ந்து கிடைத்தன. அந்த நேரத்தில் ஊர் ஊராக இருந்த டீலர்கள் பலர் செய்தது, சீட்டில் போட்டிருந்த விலைக்கு மேல் ஆயிரக்கணக்கான டாலர் கூட்டி விற்றது. அங்கே 1958ல் வந்த சட்டப்படி ஒவ்வொரு புதுக் காரின் கண்ணாடியிலும் விலைச்சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். செனட்டர் மன்ரோனி கொண்டுவந்த சட்டம் என்பதால் அந்தச் சீட்டுக்கே அவர் பெயர்தான். ஆனால் அந்த விலை கம்பெனி பரிந்துரைக்கும் விலை மட்டுமே. அதற்கு மேல் விற்கக்கூடாது என்று தடை இல்லை. நம் நாட்டில் பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் வாங்கினால் 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் நம்மைப் பிடிக்கும். அங்கே டீலரைப் பிடிக்க யாரும் இல்லை.

கிராக்கி இருக்கும்போது விலை ஏறுவது வியாபார இயல்பு என்று நம்மவர்களில் சிலர் வாதிடலாம். தட்டுப்பாட்டில் வெங்காயம் விற்றவர்கள் நாம், அந்த வாதம் நமக்குத் தெரியாததல்ல. ஆனால் வெங்காயத்தில் கொள்முதல் விலையும் ஏறியிருக்கும். இந்த டீலர்களுக்குக் கம்பெனி கொடுத்த விலை ஏறவில்லை. வாங்குகிறவரின் அவசரத்தை மட்டும் காசாக்கினார்கள். அப்படிக் கூடுதல் கொடுத்து வாங்கியவர் இரண்டு ஆண்டு கழித்து அதே கடைக்கு முன்னால் போகும்போது, அதே வண்டி தள்ளுபடி விலையில் நிற்பதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? அந்தக் கூடுதல் டாலர் டீலரின் கல்லாவில் வந்தது உண்மை. அந்த வாடிக்கையாளரின் பெயர் பேரேட்டிலிருந்து போனதும் உண்மை. எட்டணா கூடக் கேட்டால் அடுத்த தெருக் கடைக்குப் போகும் வாடிக்கையாளரை வைத்துக்கொண்டு தினமும் கடை திறக்கும் நமக்கு இது விளங்காமல் போகாது. இந்த விஷயத்தில் அந்த டீலர்கள் செய்தது தவறு என்பதே நம் கருத்து.

2001ல் அமெரிக்காவில் மட்டும் 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேல் விற்றது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரிலும் சிறிது காலம் தயாரித்தார்கள். அதன்பின் கம்பெனி என்ன செய்தது? உருவத்தை மாற்ற முடியவில்லை, ஏனென்றால் உருவம்தான் சரக்கு. பழையதாகக் காட்டிய ஒன்றைப் புதியதாக்கினால் அது வேறு வண்டியாகிவிடும். ஆகவே பக்கவாட்டில் மரப்பலகைபோல் ஒட்டினார்கள். தீச்சுடர்ப் படம் ஒட்டினார்கள். 2003ல் 215 குதிரைத்திறன் டர்போ எஞ்சின் வைத்தார்கள். 2005 மாடலில் கூரை திறக்கும் வகை வந்தது. 2006 மாடலுக்கு முகத்தைச் சற்றுத் திருத்தினார்கள். தேங்கிய சீயக்காய்ப் பொட்டலத்தோடு சீப்பு இலவசம் என்று கட்டி விற்பதை நாம் பார்த்ததில்லையா? அதே கதைதான்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். 2005, 2006 ஆண்டுகளிலும் வண்டி நன்றாகவே விற்றது. ஆனால் ஆசைப்பட்டு வாங்கியவர்களின் கூட்டம் குறைந்து, தள்ளுபடிக்காக வாங்கியவர்களும் வாடகைக் கார் நிறுவனங்களும் அந்த இடத்தை நிரப்பினார்கள். விமான நிலையத்து வாடகைக் கார் வரிசையில் நிற்கும் வண்டிக்கு வீட்டு வாசலில் மதிப்பு இருக்காது. எண்ணிக்கை அப்படியே இருந்தும் சரக்கின் பெயர் இறங்கிக்கொண்டிருக்கும் இந்த நிலையைக் கல்லாப்பெட்டி காட்டாது. வாங்க வருகிற முகங்களைப் பார்த்தால்தான் தெரியும். 2008 கோடையில் அங்கே பெட்ரோல் கேலனுக்கு 4 டாலரைத் தாண்டியது. 2009 ஏப்ரலில் கிரைஸ்லர் கம்பெனியே திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அந்த ஆண்டு அமெரிக்காவில் இந்த வண்டி விற்றது 20 ஆயிரத்துக்கும் குறைவு. 2010 ஜூலையில் கடைசி வண்டி வெளியே வந்தது. மொத்தம் செய்தது 13 லட்சத்துக்கும் மேல்.

ஒரு கடை நன்றாக ஓடினால் எதிர்ச்சாரியில் அதே கடை வரும். இங்கும் வந்தது. பிரையன் நெஸ்பிட் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்குப் போனார். 2005ல் ஷெவ்ரோலே எச்.எச்.ஆர். வந்தது. 1940களின் இறுதியில் ஓடிய ஷெவ்ரோலே சபர்பன் வண்டியின் சாயல், விலையும் ஏறக்குறைய அதே 16,000 டாலர். ஐந்தாண்டு பிந்தி வந்த சரக்கு என்றாலும், ஒரு விஷயத்தில் நம் பாராட்டு அதற்குத்தான். 2007ல் பின்பக்கச் சன்னல்களையும் பின் இருக்கையையும் எடுத்துவிட்டு, பக்கவாட்டில் வெறும் தகடு வைத்துக் கடைக்காரர்களுக்கென்றே 'பேனல்' என்ற வகையைக் கொண்டுவந்தார்கள். அந்தத் தகட்டில் பூக்கடைக்காரர், ரொட்டிக்கடைக்காரர் தம் கடைப் பெயரை எழுதிக்கொள்ளலாம். பழைய உருவமே ஊர் சுற்றும் விளம்பரப் பலகையாகிவிடும். கடைக்காரனுக்குப் பழைய உருவத்தால் காசு வரக்கூடிய ஒரே வழி இதுதான் என்று நமக்குப் படுகிறது. ஜப்பானில் நிசான் கம்பெனி 1989லேயே எஸ்-கார்கோ என்று நத்தை வடிவில் ஒரு சிறு டெலிவரி வேன் செய்து இதைக் காட்டியிருந்தது. ஏறக்குறைய 8,000 வண்டியோடு அதை நிறுத்திக்கொண்டார்கள். எத்தனை எடுப்பது என்று தெரிந்தவர்கள்.

எச்.எச்.ஆர். 2011ல் நின்றது. நின்ற பிறகுதான் அதன் பெரிய குறை ஊரறிய வந்தது. 2014ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் சிறு கார்கள் பலவற்றைத் திரும்ப அழைத்தது, அதில் இதுவும் ஒன்று. சாவி போடும் சுவிட்ச் தளர்வானது. சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ, வண்டி குலுங்கினாலோ சாவி தானே திரும்பி, ஓடும்போதே எஞ்சின் நின்றுவிடும், மோதினால் காற்றுப்பையும் விரியாது. திரும்ப அழைத்த எல்லா மாடல்களையும் சேர்த்து 124 உயிரிழப்புகளுக்கு இழப்பீடு ஒப்புக்கொள்ளப்பட்டது. கோளாறான அந்த உறுப்பின் விலை ஒரு டாலருக்கும் குறைவு. கம்பெனிக்குள் சிலருக்குப் பல ஆண்டுகளாகத் தெரிந்தும் மூடி வைத்திருந்தார்கள் என்பது விசாரணையில் வெளிவந்தது. கடைச் சாவி, கிடங்குச் சாவி, பீரோச் சாவி எல்லாவற்றையும் வண்டிச் சாவியோடு ஒரே கொத்தில் மாட்டும் பழக்கம் நம்மில் அநேகருக்கு உண்டு. எந்த வண்டியானாலும் சரி, இன்றே அதைத் தனியாகக் கழற்றிவிடுங்கள்.

சரி, பி.டி. குரூசர் நல்ல வண்டியா? உள்ளே இடம், இருக்கை வசதி, உயரமாக உட்காரும் சுகம், ஏறி இறங்கும் எளிமை, இவை விலைக்கு மேல் தந்தவை. பெட்ரோல் செலவிலும், வண்டியைத் திருப்ப அகலமான தெரு கேட்பதிலும், ஆண்டு போகப் போக உள்பக்கப் பிளாஸ்டிக் மட்டமானதிலும் விலைக்குக் கீழே போயிற்று. 16,000 டாலருக்கு வாங்கிப் பத்தாண்டு ஓட்டியவருக்கு நட்டமில்லை. அதே வண்டியை 2000ல் கூடுதல் கொடுத்து வாங்கி, மூன்று ஆண்டில் விற்க வந்தவருக்குத்தான் அடி. அதாவது வண்டி ஒன்றுதான், வாங்கிய நாளும் விலையும் சரக்கின் குணத்தை மாற்றிவிட்டன.

நம் கடைக்கு வரும் 'அந்தக் காலத்து' உறைகளையும் இப்படித்தான் பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறோம். உறையை நீக்கினால் எண்ணெய் மணக்கிறதா, மாவில் வண்டு விழாமல் எத்தனை நாள் இருக்கும், இரண்டாம் முறை அதே வீட்டு அம்மா கேட்டு வருகிறாரா? இரண்டாம் முறை கேட்டு வந்தால் பத்துப் பெட்டி எடுக்கலாம். முதல் முறை கிராக்கியைப் பார்த்து ஐம்பது பெட்டிக்கு முன்பணம் கட்டுவதை நாம் ஒப்பவில்லை. பிரதிநிதிக்கு அது மாத இலக்கு, நமக்கு அது கைமுதல். விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுப்பவரிடம் வேண்டுமானால் சற்றுத் தாராளமாக இருக்கலாம். வாய்வார்த்தை போதாது.

டொலூக்கா தொழிற்சாலை மூடப்படவில்லை. பி.டி. குரூசர் நின்ற அதே ஆண்டு இறுதியில் அங்கே வேறொரு வண்டி செய்யத் தொடங்கினார்கள். கிரைஸ்லரோடு கைகோத்த இத்தாலியின் ஃபியட் கம்பெனி, 1957ல் தான் விற்ற சின்னஞ்சிறு காரின் உருவத்தில் செய்த ஃபியட் 500. அதுவும் பழைய உருவம்தான். முதலில் பேச்சும் பரபரப்புமாக இருந்தது, பிறகு தள்ளுபடி வந்தது, 2019ல் அமெரிக்க விற்பனையை நிறுத்திக்கொண்டார்கள்.